அழுத்தினால் வலிக்காத வயிறு

2011ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில், காவிரிப் படுகையிலுள்ள ஒரு தாலுகா மருத்துவமனையில் நான் இரவுப் பணியில் இருந்தேன். விடியற்காலை ஐந்து மணியை நெருங்கிய வேளையில் 14 வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய தாய் அழைத்து வந்தார். "ராத்திரி நல்லா சாப்டுட்டுத்தாங்க படுத்தா. மூணு மணிக்கு வயித்த வலிக்குதுன்னு எந்திரிச்சா, ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா" என்றார் அவர். அந்தப் பெண் வலியில் சுருண்டு கிடந்தாள். ஆனால் வயிற்றில் கை வைத்து எங்கு அழுத்திப் பார்த்தாலும் அது மென்மையாகவே இருந்தது. அழுத்துவதால் வலி கூடவும் இல்லை. காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு மட்டும் சற்று வேகம். ரனிடிடின் ஊசியும் குடல் இசிவைத் தளர்த்தும் ஊசியும் போட்டு, சீட்டில் 'இரைப்பை அழற்சி' என்று எழுதிவிட்டு அறைக்குத் திரும்பினேன். நான் பயின்றது அறுவை மருத்துவம். கத்தி வைக்கத் தேவையில்லாத வயிறு என்று தெரிந்தவுடன் என் ஆர்வம் தணிந்துவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, அந்த வார்டில் நெடுநாள் பணியாற்றிய செவிலியர் வந்து கதவைத் தட்டினார். "சார், அந்தப் பொண்ணு கண்ணத் திறக்க மாட்டேங்குது. தூக்கம்னு அம்மா சொல்றாங்க, எனக்கு அப்படித் தெரியல" என்றார். போய்ப் பார்த்தபோது அவள் விழித்துத்தான் இருந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஆனால் இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை, பேச்சு மூக்கடைத்தது போல் ஒலித்தது, எச்சிலை விழுங்கத் தடுமாறினாள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னேன், முடியவில்லை. செவிலியர் தாயிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பாப்பா எங்க படுத்திருந்துச்சு?" வீடு ஒழுகிக் கட்டில் நனைந்துவிட்டதால் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்ததாகத் தாய் சொன்னார். அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது, ஒரு மணி நேரத்துக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டியது: கட்டுவிரியன்.

கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் உறங்குபவர்களை உறக்கத்திலேயே கடித்துவிடுகிறது. அதன் பற்கள் சிறியவை. கடித்த இடத்தில் வீக்கமோ எரிச்சலோ பெரும்பாலும் இருப்பதில்லை. டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு காது மடலின் பின்புறம் வரை தேடியும் அந்தப் பெண்ணின் உடலில் ஒரு தடயமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடிபட்டவர் வயிற்று வலியோடும் வாந்தியோடும் எழுந்திருப்பார். கண்ணிமை சரிவதும் தொண்டை அடைப்பதும் சில மணி நேரம் கழித்தே தெரியவரும். அதற்கு அடுத்து மூச்சுத் தசைகள். கண்ணாடி விரியன் கடியைக் கண்டுபிடிக்க உதவும், கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை இங்கே உதவாது, ஏனெனில் இந்த நஞ்சு ரத்தத்தைத் தொடுவதில்லை, நரம்பு தசையோடு சேரும் முனையைத்தான் தாக்குகிறது.

ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொன்னபோது அவளால் 17 வரை எண்ண முடிந்தது. அரை மணி நேரத்தில் அது 9 ஆகக் குறைந்தது. கருவி எதுவும் இல்லாத இடத்தில் மூச்சுத் தசைகளின் பலத்தை அறிய இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. பாம்புக்கடி நச்சுமுறி மருந்து பத்து குப்பி ஏற்றினோம். (நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாராகும் அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருவதில், 1978இல் தொடங்கிய, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதை அந்த மருந்தை ஏற்றும் மருத்துவர்களில் பலர் அறியார்.) பின்னர் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி, ஆம்புலன்ஸில் 40 கிலோமீட்டர் தூரம் நானும் செவிலியரும் மாறி மாறிப் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். இந்தப் பாம்பின் நஞ்சு நரம்பு முனையையே சிதைத்துவிடுவதால், செயலிழப்பு வந்த பிறகு கொடுக்கும் மருந்து அதை உடனே திருப்பிவிடாது; முனை மீண்டும் வளரும் வரை மூச்சைக் காப்பாற்றித் தருவதே சிகிச்சை. அவள் ஆறு நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தாள். இரண்டாம் நாள் அவளுடைய கருவிழிப் பாவைகள் விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றன. மூளை செயலிழந்துவிட்டதோ என்று இளம் மருத்துவர் ஒருவர் ஐயப்பட்டபோது, நஞ்சே பாவையையும் செயலிழக்கச் செய்யும், அவளுக்கு எல்லாம் கேட்கும், பேசிக்கொண்டே இருங்கள் என்று அங்கிருந்த மூத்த பேராசிரியர் சொன்னார். அவள் பிழைத்து வந்த பிறகு, கட்டிலருகே தன் தாய் அழுததையும் என்ன சொல்லி அழுதார் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அன்று நான் செய்த பிழை பாம்பை நினைக்காதது மட்டுமன்று. வலியின் அளவும் வயிற்றின் நிலையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதைக் கை உணர்ந்த பிறகும் மனம் அதைப் பொருட்படுத்தாமல் போனதே பிழை. குடல்வால் வெடித்தாலோ இரைப்பைப் புண் ஓட்டையாகிவிட்டாலோ வயிற்றின் உள் உறை எரிச்சலுறும். அப்போது வயிறு பலகைபோல் விறைக்கும், நோயாளி அசையவே அஞ்சி மல்லாந்து கிடப்பார், கட்டிலைத் தட்டினால் கூட முகம் சுளிப்பார். சிறுநீரகக் கல்லிலும் குடல் அடைப்பிலும் வலி அலையலையாக வரும், நோயாளி புரள்வார். வலி பெரிதாக இருந்து, வயிறு மென்மையாகவும் இருந்து, புரளும் வலிக்கான கல்லோ அடைப்போ தென்படவும் இல்லை என்றால், அந்த முரணையே ஓர் அறிகுறியாகக் கொள்ள வேண்டும். அன்றிலிருந்து அப்படிப்பட்ட வயிற்றைத் தொட்டவுடன் கையை எடுத்துவிட்டு, நோயாளியின் இமை, மூச்சு, ஈறு, தோல் ஆகியவற்றைப் பார்க்கத் தொடங்கினேன்.

மூச்சைப் பார்த்ததால் தப்பிய ஒருவனைச் சொல்கிறேன். 11 வயதுச் சிறுவன், வலது அடிவயிறு வலி, வாந்தி, வெள்ளணுக்கள் கூடுதல். குடல்வால் அழற்சி என்று எழுதி அறுவைக்கு அனுப்பப்பட்டிருந்தான். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும், ஓடிவந்து நின்றவனைப்போல் இருந்தது. பழுத்த பழத்தின் வாடை அடித்தது. விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை 480. அதுவரை அவனுக்கு நீரிழிவு இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று வாரங்களாக ஓயாமல் தண்ணீர் குடித்தான், இரவில் எழுந்து எழுந்து சிறுநீர் கழித்தான் என்பதை, கேட்ட பிறகுதான் சொன்னார்கள். நீரிழிவு முற்றி ரத்தத்தில் அமிலம் சேர்ந்திருந்தது; உப்புநீரும் இன்சுலினும் ஏற்றி அந்த அமிலத்தன்மை குறையக் குறைய, எட்டு மணி நேரத்தில் வலி தானாக மறைந்தது. அமிலத்தன்மை சீரான பின்னும் வலி நின்றிருந்தால், குடல்வாலைத் திரும்பவும் தேடியிருப்பேன். ஏனெனில் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு தொற்றே நீரிழிவை இந்த நிலைக்குத் தள்ளியிருக்கவும் கூடும். இவனிடம் வாந்தி முதலில் வந்து வலி பின்னால் வந்தது என்பதைத் தாய் தெளிவாகச் சொன்னார். அறுவை தேவைப்படும் வயிற்றில் பெரும்பாலும் வலிதான் முந்தும். 'எது முதலில் வந்தது?' என்ற கேள்விக்குச் செலவே இல்லை.

நாற்பது வயதைக் கடந்தவர் மேல் வயிற்று வலி என்று வந்தால் இசிஜி எடுக்காமல் அனுப்புவதில்லை என்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இதயத்தின் கீழ்ச் சுவரில் ரத்தம் தடைபட்டால் அது நெஞ்சில் வலிக்காமல் தொப்புளுக்கு மேலே வலிக்கலாம். 'கேஸ்' என்று சோடா குடித்துவிட்டு வருபவர்களில் சிலர் அவர்கள்தாம். அதுபோலவே, அடிவயிறு வலிக்கிறது என்று வரும் பையனின் கால்சட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் சோதனை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. விரை முறுக்கிக்கொண்டால் வலி அடிவயிற்றில் தெரியும்; கூச்சத்தால் பையன் சொல்ல மாட்டான்; ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை நீக்கினால்தான் அந்த உறுப்பு பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

நான் அதிகம் தடுமாறிய நோயாளி 34 வயதுத் தொழிலாளி. ஓராண்டுக்குள் மூன்று ஊர்களில் நான்கு முறை வயிற்று வலிக்காகச் சேர்க்கப்பட்டவர். ஓரிடத்தில் குடல்வாலை எடுத்துவிட்டிருந்தார்கள். எடுத்த குடல்வால் நலமாக இருந்ததாக அறிக்கை சொன்னது. இரண்டு முறை ஸ்கேன், ஒரு முறை எண்டோஸ்கோபி, எல்லாமே இயல்பு. தொப்புளைச் சுற்றிச் சுருட்டிப் பிடிக்கும் வலி, நான்கைந்து நாட்கள் மலம் கழியாமை, வெளிறிய முகம். விசித்திரமாக, வலி வரும்போது அவரே தன் கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டால் சற்றுச் சுகமாக இருந்தது. 'மனசுல ஏதோ இருக்கு' என்று உறவினர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறார் என்றும் ஒருவர் என் காதுபடச் சொன்னார்.

தொழில்சார் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்க்கச் சொன்னார். மாணவனாக இருந்தபோது அதைத் தேர்வுக்காகப் படித்தேன். இவரிடம் கேட்டபோது 'கூலி' என்றார். என்ன கூலி என்று மறுபடி கேட்டேன். பழைய வாகன பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை ஒரு கொட்டகையில் உருக்கும் வேலை. உதட்டை விலக்கி ஈறுகளைப் பார்த்தேன். பல் முளைக்கும் ஓரத்தில் நீலம் கலந்த கருமையாக ஒரு மெல்லிய கோடு ஓடியது. கையை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னபோது வலது கை சற்றே தொய்ந்தது. ரத்தப் படலத்தை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வக நண்பர், சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருப்பதாகச் சொன்னார். சென்னைக்கு அனுப்பிய மாதிரியில் ரத்தத்தின் ஈய அளவு ஒரு டெசிலிட்டருக்கு 86 மைக்ரோகிராம் என்று வந்தது. உடலுக்கு ஈயம் எந்த அளவிலும் தேவையற்றது, 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

ஈயம், ரத்தத்தின் சிவப்பு நிறப்பொருளை உடல் தயாரிக்கும் வரிசையில் ஒரு நொதியை முடக்குகிறது. அதனால் இடையில் தேங்கும் பொருளே நரம்புகளைத் தொந்தரவு செய்வதாகக் கருதப்படுகிறது. ரத்தசோகையும் வயிற்று வலியும் கைத் தொய்வும் ஒரே ஆளிடம் ஒன்றாகக் காணப்படுவதற்கு இது பொருத்தமான விளக்கம். பிறவியிலேயே அதே வரிசையின் வேறொரு கண்ணியில் குறையுள்ளவர்களுக்கு வரும் போர்ஃபிரியா என்ற நோயிலும் இதே வகை வலி வருகிறது; அங்கே சிறுநீரைத் திறந்த பாத்திரத்தில் வெயிலில் வைத்தால் கருஞ்சிவப்பாக மாறக்கூடும், ரத்தத்தில் சோடியம் குறையலாம், வலிப்புக்காகக் கொடுக்கும் ஃபெனோபார்பிடோன் போன்ற மருந்துகளே வலியைத் தூண்டிவிடும். ஆகவே இளம்பெண் ஒருத்தி பல முறை வயிற்று வலியோடு வந்து, எல்லாச் சோதனைகளும் இயல்பாக இருந்தால், மனநோய் என்று எழுதுவதற்கு முன் வலி இருக்கும் நேரத்திலேயே சிறுநீரைப் பிடித்து, வெளிச்சம் படாமல் மூடி, போர்ஃபிரியாவுக்கான சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

தொழிலாளிக்கு ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து கொடுத்தோம்; மூன்றாம் நாளிலேயே வலி விட்டது. மருந்தைவிடக் கடினமாக இருந்தது, அவரை அந்தக் கொட்டகைக்குத் திரும்பிப் போகாமல் வைத்திருப்பது. வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குவாரா என்று கேட்டேன்; அதைக் கேட்டதும் அவர் மனைவியின் முகம் மாறியது. நான்கு வயது மகளின் ரத்தத்தில் 31 இருந்தது. சில நாட்டு மருந்துப் பொடிகளிலும் பற்பங்களிலும் சரியாகப் பக்குவம் செய்யப்படாத உலோகம் இருந்து இதே நோயை உண்டாக்கியதையும் பின்னர் இரண்டு முறை கண்டேன். அதனால் 'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்பதோடு நிறுத்தாமல், 'பொடி, லேகியம், சூரணம் ஏதாவது உண்டா?' என்றும் கேட்கிறேன். முதல் கேள்விக்கு 'ஒன்றும் இல்லை' என்றவர்களே இரண்டாவது கேள்விக்குப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இவற்றைப் படித்துவிட்டு, அழுத்தினால் வலிக்காத வயிறு என்றால் கத்திக்கு வேலையில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அப்படி எண்ணி ஒருவரை நான் இழந்திருக்கிறேன். 71 வயது மூதாட்டி. திடீரென்று தொடங்கிய, வாய்விட்டு அலறும் வலி. வயிறு பஞ்சுபோல் மென்மை. நான் கற்றுக்கொண்ட பாடத்தின்படி சர்க்கரையைப் பார்த்தேன், இசிஜி எடுத்தேன், இமையைப் பார்த்தேன். இசிஜியில் மாரடைப்பு இல்லை. இதயம் தாளம் தப்பித் துடித்துக்கொண்டிருந்தது. வயதானவர்களிடம் அடிக்கடி காண்பதுதானே என்று அதைக் கடந்து போனேன். அப்படித் துடிக்கும் இதயத்தின் மேலறையில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அது பிரிந்து போய்க் குடலுக்கு ரத்தம் தரும் தமனியை அடைத்திருந்தது. தொடக்கத்தில் குடலின் உட்புறம் மட்டுமே பட்டினி கிடப்பதால் வெளி உறை எரிச்சல் அடைவதில்லை, வயிறு மென்மையாகவே இருக்கும். விறைப்பு வரும்போது குடல் அழுகியிருக்கும். சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனை, சிறுநீரகத்தின் செயலைக் காட்டும் கிரியேட்டினின் அளவு அவருடைய ரத்தத்தில் சற்றுக் கூடுதலாக இருந்ததால், சிறுநீரகத்துக்குக் கேடு வருமே என்று மறுநாளுக்குத் தள்ளினேன். மறுநாள் வயிற்றைத் திறந்தபோது சிறுகுடல் ஏறத்தாழ முழுவதும் கறுத்திருந்தது. இந்த ஐயம் எழுந்துவிட்டால் கிரியேட்டினினுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று இப்போது பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்கிறேன். தாளம் தப்பிய நாடி, திடீர் வலி, மென்மையான வயிறு ஆகிய மூன்றும் சேர்ந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது குடலின் தமனிதான்.

இதோடு ஒட்டிய ஒரு சொல்: நோயறிவதற்கு முன் வலி நிவாரணி கொடுத்தால் அறிகுறிகள் மறைந்துவிடும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள், அந்த மூதாட்டியை அந்தப் பாடத்தின் பெயரால் இரண்டு மணி நேரம் அலற விட்டேன். போதுமான அளவு மார்ஃபின் கொடுப்பதால் நோயறிதல் கெடுவதில்லை என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டிவிட்டன. நோயாளி அமைதியானால் வயிற்றை இன்னும் நன்றாகவே அழுத்திப் பார்க்கலாம்.

அழுத்தினால் வலிப்பதும் எப்போதும் உள்ளிருந்து வருவதன்று. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கார்னெட் 1926இல் விளக்கிய எளிய சோதனை ஒன்றுண்டு. வலிக்கும் இடத்தில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, கைகளை ஊன்றாமல் தலையையும் தோள்களையும் தூக்கச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தசை இறுகும்போது உள்ளுறுப்பு வலியானால் தசை அதை மறைத்துக் காக்கும், வலி குறையும். வலி கூடினால் அது வயிற்றுச் சுவரிலோ அதன் நரம்பிலோ இருக்கிறது. அரை நிமிட வேலை. ஸ்கேன் அறிக்கை வந்த பிறகே நோயாளியைத் தொடும் பழக்கம் பரவிவிட்ட இக்காலத்தில் இதைச் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நரம்பு வலியோ ஸ்கேனில் தெரிவதில்லை.

சென்ற ஆண்டு 58 வயதுப் பெண்மணி ஒருவர் வலது மேல் வயிற்றில் எரியும் வலியோடு வந்தார். அவருக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று வேறிடத்தில் நாள் குறித்துவிட்டிருந்தார்கள். தலையைத் தூக்கச் சொன்னபோது வலி கூடியது. சேலை உரசினாலே எரிகிறது என்றார். முதுகிலிருந்து விலாவைச் சுற்றி ஒரு கயிறு கட்டியதுபோல் வலி வருகிறது என்று கையால் வரைந்து காட்டினார். தோலில் அன்று ஒன்றுமே இல்லை. ஐயத்தைச் சொல்லி, காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்று சீட்டில் எழுதி, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தாலும், தோலில் சிவந்து ஏதாவது கிளம்பினாலும் அன்றே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் காலை வந்தார். விலாவைச் சுற்றி வரிசையாகக் கொப்புளங்கள், அவற்றின் மேல் செங்காவிக் கோடுகள். "அக்கின்னு பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு டாக்டர். கொசவர் வீட்டுல எழுதிட்டு, நீங்க வரச் சொன்னீங்களேன்னு நேரா இங்க வந்துட்டேன்" என்றார். காவியைக் கழுவச் சொல்லிவிட்டு, அசைக்ளோவிர் எழுதிக் கொடுத்து, பித்தப்பை அறுவைக்கு அவர்கள் குறித்திருந்த தேதியைத் தள்ளிவைக்கும்படி ஒரு கடிதமும் கொடுத்தேன்.